யாரும் அடைக்கத் துணியாத கதவு: மால்வேர் ரகசியமாகப் பேசிய வரலாறு

2017 பிப்ரவரியில், பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் இன்ஸ்டாகிராம்ல போட்டிருந்த ஒரு படத்துக்குக் கீழ ஒரு கமென்ட் விழுந்தது. ரெண்டு மூணு ஹேஷ்டேக், அரைகுறை இங்கிலீஷ், நிறைய எழுத்துப் பிழை. அங்கே இருந்த ஆயிரக்கணக்கான கமென்ட்ல அதுவும் ஒண்ணு. கண்ணுல பட்டிருந்தாலும், ஸ்பேம்னு நினைச்சு எல்லாரும் தள்ளிட்டுப் போயிருப்பாங்க.

ஆனா அந்த கமென்ட் மனுஷங்க படிக்கிறதுக்காக எழுதப்பட்டது இல்லை. அதே வருஷம் ஜூன் மாதம், ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் அதோட ரகசியத்தை வெளியிட்டது. டர்லா என்கிற உளவுக் குழு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல சேர்க்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனை உருவாக்கியிருந்தது. ரஷ்யாவோட தொடர்புபடுத்திப் பேசப்படுற பழைய குழு அது. அந்த எக்ஸ்டென்ஷன் பிரிட்னியோட அந்தப் பதிவுக்குப் போய், ஒவ்வொரு கமென்ட்டையும் ஒரு கணக்குக்குள்ள போட்டுப் பார்க்கும். எந்த கமென்ட்டுக்கு விடை 183னு வருதோ, அதுதான் தனக்கு வந்த கடிதம்.

அடுத்து, அந்த கமென்ட்டுக்குள்ள ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தேடும். யூனிகோடுல 'ஜீரோ விட்த் ஜாய்னர்'னு ஒரு குறி இருக்கு. உங்க போன்ல அப்பா, அம்மா, குழந்தை சேர்ந்த குடும்ப எமோஜி இருக்குல்ல, அந்தத் தனித்தனி முகங்களை ஒண்ணா ஒட்டுற பசை அதுதான். சிங்களத்துல கூட்டெழுத்து எழுதவும் அதே குறிதான் வேணும். திரையில அது எந்த இடத்தையும் பிடிக்காது. இந்தக் குறிக்கு அடுத்து வர்ற எழுத்துகளை மட்டும் வரிசையா பொறுக்கினா, ஒரு சுருக்கப்பட்ட லிங்க் கிடைக்கும். அந்த லிங்க் போய்ச் சேருற இடம், மால்வேரோட கட்டளைச் சர்வர்.

அந்த லிங்க்கை மொத்தம் 17 தடவைதான் திறந்திருந்தாங்க. ஒருவேளை அது வெறும் ஒத்திகையா இருக்கலாம்னு ஈசெட் ஆய்வாளர்கள் நினைச்சாங்க. எப்படி இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஒரு உளவுக் குழு, ரகசியமா பேசுறதுக்கு ஏன் உலகத்துலயே கூட்டம் அதிகமா இருக்கிற இடங்கள்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்?

இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். மால்வேர் தன் எஜமானர்களோட பேசுற பேச்சை, நம்ம தினசரி இணையப் போக்குவரத்துக்குள்ள எப்படி ஒளிச்சு வெச்சதுங்கிற வரலாறு. முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். இந்த வரலாறு முழுக்க, ஒளிஞ்சுக்கிற இடத்தைத் தீர்மானிச்சது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. எந்தக் கதவை நாம அடைக்கத் துணிய மாட்டோமோ, மால்வேர் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் போய் நின்னது.

ஒரே ஒரு பைட்

1973ல, பட்லர் லாம்ப்சன் என்கிற கணினி அறிவியலாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். ஒரு புரோகிராமை நம்பி உங்க ரகசியத் தகவலைக் கொடுக்கறீங்க. அது அந்தத் தகவலை வெளியே கசியவிடாம கட்டிப்போட முடியுமா? இதுதான் அவரோட கேள்வி. ரொம்பக் கஷ்டம்னு காட்டினார். தகவல் அனுப்புறதுக்காகவே உருவாக்கப்படாத வழிகளைக்கூட தகவல் அனுப்பப் பயன்படுத்த முடியும். உதாரணமா, ஒரு புரோகிராம் கணினியை ஒரு நிமிஷம் மெதுவாக்கி, அடுத்த நிமிஷம் வேகமாக்கினா, வெளியில இருந்து கவனிக்கிற ஒருத்தர் அதையே ஒரு செய்தியா படிச்சுக்கலாம். இந்த மாதிரி வழிகளுக்கு அவர் வெச்ச பெயர் 'கோவர்ட் சேனல்', அதாவது மறைவழி.

அது கோட்பாடு. நடைமுறையில முதல் தலைமுறை மால்வேர் இவ்வளவு யோசிக்கலை. 1988 நவம்பர் 2ஆம் தேதி, ராபர்ட் மாரிஸ் என்கிற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் விட்ட புழு, அப்போ இருந்த சின்ன இணையத்தை ஸ்தம்பிக்க வெச்சது. அந்தப் புழுவுக்குள்ள ஒரு விநோதமான பகுதி இருந்தது. தான் புகுந்த கணினிகள்ல இருந்து, சராசரியா 15 தடவைக்கு ஒரு தடவை, பெர்க்லி பல்கலைக்கழகத்தோட ஒரு கணினிக்கு ஒரே ஒரு பைட் அனுப்பணும். ஒரு ஆஜர் மாதிரி. மறைக்கிற முயற்சியே கிடையாது. கடைசியில, புரோகிராம்ல இருந்த ஒரு பிழையால அந்த பைட்டும் போகவே இல்லை.

மறைக்க வேண்டிய அவசியம், யாராவது பார்க்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தானே வரும்? 90கள்ல அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் ஃபயர்வால் வைக்க ஆரம்பிச்சாங்க. நம்ம அபார்ட்மென்ட் செக்யூரிட்டியை நினைச்சுக்கோங்க. வெளியில இருந்து வர்றவங்க கிட்ட பெயர், போன் நம்பர், எந்த வீடுன்னு கேட்டு நோட்டுல எழுதுவார். ஆனா உள்ளே இருந்து வெளியே போறவங்களை அவர் நிறுத்துறதே இல்லை. ஃபயர்வாலும் ஆரம்பத்துல கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால உள்ளே புகுந்த மால்வேர் ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டது. வெளியில இருந்து கட்டளை வரும்னு காத்திருக்காதே, நீயே வெளியே போய்க் கேளு.

1996ல ஃப்ராக் என்கிற ஹேக்கர் இதழ்ல லோகின்னு ஒரு திட்டம் வெளிவந்தது. அது பயன்படுத்தினது பிங். ஒரு கணினி உயிரோட இருக்கான்னு தட்டிப் பார்க்குற சின்ன கருவி அது. 1983ல மைக் மூஸ் எழுதினார். ஒவ்வொரு பிங்லயும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதுல எதை வேணும்னாலும் நிரப்பலாம். அங்கே என்ன இருக்குன்னு யாரும் பார்க்குறதில்லை. லோகி அந்த வெற்றிடத்துலயே ஒரு முழு உரையாடலை நடத்திக் காட்டியது. லாம்ப்சன் தாள்ல எழுதினது, 23 வருஷம் கழிச்சு இயங்குற புரோகிராமா கையில கிடைச்சது.

அரட்டை அறையில் ஒரு படை

1988ல, பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்துல யார்க்கோ ஓய்கரினென் ஐஆர்சி என்கிற அரட்டை முறையை உருவாக்கினார். வாட்ஸ்அப் குரூப், டிஸ்கார்ட் எல்லாத்துக்கும் தாத்தா. 90கள்ல இளைஞர்கள் அங்கேதான் குடியிருந்தாங்க.

1999ல பரவின பிரெட்டிபார்க் போன்ற மால்வேர்கள் அந்த அரட்டை அறைகளுக்குள்ள தாங்களும் ஒரு ஆள் மாதிரி போய் உட்கார ஆரம்பிச்சது. யோசிச்சுப் பார்த்தா எவ்வளவு வசதி! ஆயிரம் கணினிகள் ஒரே அறையில காத்திருக்கும். எஜமானர் வந்து ஒரு வரி டைப் பண்ணினா, ஆயிரமும் ஒரே நேரத்துல அதை நிறைவேத்தும். பாட்நெட்டுகள் பெரிய அளவுல வளர்ந்தது இந்த அரட்டை அறைகள்லதான்.

ஆனா இந்த மறைவிடத்துல ஒரு பலவீனம் இருந்தது. ஒரு வங்கிக்கோ கம்பெனிக்கோ ஐஆர்சி தேவையே இல்லை. அதை மொத்தமா தடுத்தா யாரும் மேனேஜர் கிட்ட போய்ப் புகார் சொல்ல மாட்டாங்க. அதனால தடுத்தாங்க. தடுக்கிறதால தடுக்கிறவங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லைன்னா, அந்த மறைவிடம் ரொம்ப நாள் தாங்காது. அடுத்து வந்தவங்க, தடுத்தா வலிக்கிற இடமா தேடினாங்க.

ஐம்பதாயிரம் பெயர்கள்

வலிக்கிற இடம்னா முதல்ல டிஎன்எஸ். நீங்க ஒரு இணையதளத்தோட பெயரை டைப் பண்ணினதும், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கண்டுபிடிச்சுத் தர்ற அமைப்பு. அது நின்னுபோனா, நடைமுறையில உங்களுக்கு இணையமே கிடையாது. அதனாலதான் ஏர்போர்ட் வைஃபையில லாகின் பண்றதுக்கு முன்னாடியே டிஎன்எஸ் கேள்விகள் பல இடங்கள்ல வெளியே போகும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு டொமைனை நான் வாங்கி வெச்சிருக்கேன்னா, அதுக்குக் கீழ வர்ற எந்தப் பெயரைப் பத்தின கேள்வியும் கடைசியில என் சர்வருக்குத்தான் வரும். அப்போ கேட்கிற பெயரையே செய்தியா மாத்தலாம். புள்ளிக்கு முன்னாடி இருக்கிற அந்த எழுத்துக் குவியல்தான் கடிதம். நான் அனுப்புற முகவரிதான் பதில். 2004ல டான் கமின்ஸ்கி என்கிற பாதுகாப்பு ஆய்வாளர், இப்படி டிஎன்எஸ் வழியா முழு இணைப்புகளையே ஓட்டலாம்னு செஞ்சு காட்டினார்.

பெயர்களை வேற விதமா பயன்படுத்தினது கான்ஃபிக்கர். 2008 நவம்பர்ல தலைகாட்டி, உலகம் முழுக்க லட்சக்கணக்கான விண்டோஸ் கணினிகளைப் பிடிச்ச புழு. அதுக்கு முன்னாடி மால்வேருக்குள்ள கட்டளைச் சர்வரோட பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரை முடக்கினா கதை முடிஞ்சது. கான்ஃபிக்கர் பெயரை எழுதி வைக்கலை. அன்னிக்குத் தேதியை வெச்சு, தினமும் 250 புதுப் பெயர்களைத் தானே கணக்குப் போட்டு உருவாக்கியது. தேதியை எங்கிருந்து எடுத்தது தெரியுமா? கூகுள், யாஹூ மாதிரி தளங்களுக்கு ஒரு சாதாரண விசிட் அடிச்சு, அவங்க அனுப்புற பதில்ல இருந்து. தினமும் கோடிக்கணக்கான பேர் போற இடத்துக்குப் போறதை யார் சந்தேகப்படுவாங்க?

எஜமானருக்கும் அதே கணக்கு தெரியும். 250ல ஏதாவது ஒரு பெயரை வாங்கி வெச்சா போதும். பாதுகாக்கிறவங்களோ 250ஐயும் வாங்கணும், ஒவ்வொரு நாளும். உலகம் முழுக்க இருந்த நிபுணர்களும் நிறுவனங்களும் கான்ஃபிக்கர் பணிக்குழுன்னு ஒண்ணு சேர்ந்து, உண்மையிலேயே அதைச் செஞ்சாங்க. மைக்ரோசாஃப்ட், புழுவை எழுதினவங்களைக் கைது பண்ண உதவுற தகவலுக்கு 2,50,000 டாலர் பரிசு அறிவிச்சது.

புழுவை எழுதினவங்க கொடுத்த பதில், ஒரு புதுப் பதிப்பு. 2009 ஏப்ரல் 1ல இருந்து தினமும் 50,000 பெயர்கள், 100க்கும் மேற்பட்ட டொமைன் வகைகள்ல. ஒவ்வொரு கணினியும் அதுல 500ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும். நாடு நாடா டொமைன் பதிவகங்களைக் கூப்பிட்டுப் பேசித் தடுக்க வேண்டியதாச்சு. உலகமே பயந்த அந்த ஏப்ரல் 1 பெருசா எதுவும் நடக்காமலே போச்சு. ஆனா பாடம் நிலைச்சிடுச்சு. தாக்குறவருக்கு ஒண்ணு சரியா அமைஞ்சா போதும், காக்கிறவர் அத்தனையையும் அடைக்கணும்.

எல்லாரும் போற இடத்துக்கே போ

அதே 2009 ஆகஸ்ட்ல, ஆர்பர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோசே நசாரியோ ஒரு விசித்திரமான ட்விட்டர் கணக்கைக் கவனிச்சார். ட்வீட் முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். பிரிச்சுப் பார்த்தா லிங்க்குகள். ஒரு பாட்நெட் அங்கே இருந்துதான் கட்டளை வாங்கிட்டு இருந்தது. இனி சொந்தமா சர்வர், சொந்தமா டொமைன் எல்லாம் எதுக்கு? ட்விட்டருக்குப் போற போக்குவரத்தை எந்த ஆஃபீஸும் சந்தேகப்படாது.

2011ல புடாபெஸ்டின் கிரைசிஸ் ஆய்வகம் கண்டுபிடிச்ச டூகு என்கிற உளவு மால்வேர், வெளியே அனுப்பின ஒவ்வொரு தகவலையும் ஒரு ஜேபெக் படத்தோட வாலில் ஒட்டி அனுப்பியது. படம் 54க்கு 54 பிக்சல், வெறும் வெள்ளை. மேலோட்டமா பார்க்கிறவங்களுக்கு யாரோ ஒரு சின்ன படத்தை அப்லோட் பண்றாங்க, அவ்வளவுதான்.

2015 ஜூலையில ஃபயர்ஐ நிறுவனம் வெளியிட்ட ஹேமர்டாஸ் பத்தின அறிக்கை, இந்த உத்திகள் எல்லாம் ஒண்ணு சேர்ந்ததைக் காட்டுச்சு. ரஷ்ய அரசு சார்ந்ததா சொல்லப்படுற ஏபிடி29 குழுவோட வேலை அது. கான்ஃபிக்கர் டொமைன் பெயர்களைக் கணக்குப் போட்ட மாதிரி, இது ட்விட்டர் கணக்குப் பெயர்களைப் போடும். எஜமானருக்குத் தேவைப்படுற அன்னிக்கு மட்டும் அந்தப் பெயர்ல ஒரு கணக்கு திறந்து ஒரு ட்வீட். அந்த ட்வீட்ல ஒரு லிங்க், ஒரு ஹேஷ்டேக். லிங்க் ஒரு படத்துக்குப் போகும், கிட்ஹப் மாதிரி தளத்துல. படத்துக்குள்ள எந்த இடத்துல இருந்து படிக்கணும், எந்தச் சாவியால திறக்கணும்னு ஹேஷ்டேக் சொல்லும். திருடின தகவல் ஒரு சாதாரண கிளவுட் சேமிப்புக்குப் போகும். சில பதிப்புகள் வாரநாள்கள்ல மட்டும்தான் வேலை பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலியா இருக்கிற ஆஃபீஸ்ல இருந்து ட்விட்டர் பார்த்தா சந்தேகம் வரும்ல!

இதுக்கு நடுவுல இன்னொரு மாற்றமும் நடந்தது. 2013ல எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்களுக்குப் பிறகு, இணையத்துல எச்டிடிபிஎஸ் வேகமா பரவுச்சு. முகவரிக்குப் பக்கத்துல இருக்குமே ஒரு பூட்டு, அது. நம்ம பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கும் பாதுகாப்பா போறது அதனாலதான். அதே பூட்டு, உறைக்குள்ள என்ன கடிதம் இருக்குங்கிறதைப் பாதுகாப்புக் குழுக்கள் கிட்ட இருந்தும் மறைச்சது.

ஒரே கதவுல ரெண்டு பேர்

இப்போ கதையில எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடத்துக்கு வர்றோம்.

பூட்டு இருந்தாலும் உறைமேல விலாசம் தெரியும். எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு நடுவுல இருக்கிறவங்க பார்க்கலாம், தடுக்கலாம். டேவிட் ஃபிஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 2015ல வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒரு வழியை விளக்கியது. பெயர், டொமைன் ஃப்ரன்டிங். பெரிய கிளவுட் நிறுவனங்கள் லட்சக்கணக்கான தளங்களை ஒரே வாசல் வழியா நடத்துறாங்க. அதனால உறைமேல கூகுள்னு எழுதி, உள்ளே பூட்டின கடிதத்துல உண்மையான விலாசத்தை எழுதினா, கூகுளோட வாசல்ல போய்ச் சேர்ந்த அப்புறம் அது சரியான இடத்துக்குத் திருப்பி விடப்படும். வெளியில பார்க்கிறவருக்கு அது வெறும் கூகுள்.

இதை உருவாக்கினவங்க மால்வேருக்காக யோசிக்கலை. தணிக்கை இருக்கிற நாடுகள்ல மக்கள் சுதந்திரமா பேசணும், அதுதான் நோக்கம். டோர் இதைப் பயன்படுத்துச்சு. 2016 டிசம்பர்ல எகிப்துல சிக்னல் செயலி தடுக்கப்பட்டப்போ, சிக்னல் இதே வழியைத் திறந்துவிட்டது. ஒரு அரசு சிக்னலைத் தடுக்கணும்னா கூகுளையே தடுக்கணும். அந்த அளவுக்குத் துணிய மாட்டாங்கங்கிறதுதான் கணக்கு.

2017 மார்ச்ல ஒரு செய்தி வந்தது. அதே வழியை, டோர் எழுதின அதே கருவியோட, ஏபிடி29 உளவுக் குழுவும் பயன்படுத்திட்டு இருந்தது. நெட்வொர்க்ல பார்த்தா, கெய்ரோவுல பயந்து பயந்து மெசேஜ் அனுப்புற ஒரு பத்திரிகையாளரும், ஒரு அரசாங்க அலுவலகத்துல இருந்து ஆவணம் திருடுற மால்வேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

2018 ஏப்ரல்ல கூகுள் இந்த வழியை அடைச்சது, அமேசானும் அடைக்கப்போறதா அறிவிச்சது. அமேசான் சொன்ன காரணங்கள்ல மால்வேரும் ஒண்ணு. அதே மாதம் ரஷ்யாவுல வேற ஒரு காட்சி. டெலிகிராமைத் தடுக்க, அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு கூகுள், அமேசானுக்குச் சொந்தமான ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைத் தடுத்தது. சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் முடங்கின. டெலிகிராம் ஓடிக்கிட்டேதான் இருந்தது. அடைக்கத் துணியாத கதவை ஒருத்தர் துணிஞ்சு அடைச்சா என்ன ஆகும்னு உலகம் நேர்ல பார்த்தது.

கதவை அடைச்சதுல ரெண்டு பேரும் பாதிக்கப்பட்டாங்க. ஆனா சமமா இல்லை. உளவுக் குழுவுக்குப் பணமும் நேரமும் இருக்கு, வேற கதவு தேடிக்கும். சிக்னலை நம்பினவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

நம்ம ஆஃபீஸ் குரல்லயே பேசு

அடுத்த கட்டம், வெளி இடங்களை விட்டுட்டு நிறுவனத்தோட சொந்தப் பேச்சுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிறது.

இதுல நம்ம ஊர் பெயரும் வருது. 2019 அக்டோபர் கடைசியில, கூடங்குளம் அணுமின் நிலையத்துல மால்வேர்னு செய்தி பரவுச்சு. முதல்ல மறுப்பு வந்தது. அக்டோபர் 30ஆம் தேதி, இந்திய அணுசக்திக் கழகம் மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான்னு ஒத்துக்கிட்டது. இணையத்தோட இணைஞ்ச நிர்வாக நெட்வொர்க்ல இருந்த ஒரு கணினிதான் அது, உலையை இயக்குற அமைப்புகள் தனியா பிரிக்கப்பட்டவை, அவை பாதிக்கப்படலைன்னும் சொன்னது. அதோட தொடர்புபடுத்தப்பட்ட டிட்ராக் மால்வேரோட மாதிரியை ஆய்வாளர்கள் பிரிச்சுப் பார்த்தப்போ, திரட்டின தகவலை உள் நெட்வொர்க்லயே இருந்த இன்னொரு கணினிக்கு காப்பி பண்ற கட்டளை இருந்தது. உள் முகவரியும் பாஸ்வேர்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஒரு கணினியில இருந்து இன்னொண்ணுக்கு ஃபைல் காப்பி ஆகுறது எந்த ஆஃபீஸ்லயும் தினம் நடக்குற விஷயம்.

இந்த உத்தியோட உச்சம், 2020ல வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின்ல இருக்கிற இந்த நிறுவனத்தோட ஓரியன் மென்பொருள், பெரிய நிறுவனங்கள் தங்க நெட்வொர்க்கைக் கண்காணிக்க வாங்கி வெச்சது. அதோட அப்டேட்டுக்குள்ளேயே சன்பர்ஸ்ட் என்கிற மால்வேர் புகுத்தப்பட்டது. நிறுவனத்தோட அதிகாரபூர்வ டிஜிட்டல் கையெழுத்தோட, கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள் வரை அது போய்ச் சேர்ந்தது.

உள்ளே போனதும் 12ல இருந்து 14 நாள் வரை தூங்கும். அப்புறம் ஏதோ கிளவுட் சேவை மாதிரி பெயர் வெச்ச ஒரு டொமைனுக்கு டிஎன்எஸ் கேள்வி. கேட்கிற பெயருக்குள்ள, தான் எந்த நிறுவனத்துல உட்கார்ந்திருக்கோங்கிற தகவல் மறைஞ்சிருக்கும். பதிலா வர்ற ஐபி முகவரி வெறும் முகவரி இல்லை, கட்டளை. காத்திரு, நிறுத்திக்கோ, அடுத்த கட்டத்துக்குப் போ. அடுத்த கட்டப் பேச்சு, ஓரியன் மென்பொருள் வழக்கமா தன் தாய் நிறுவனத்துக்கு அனுப்புற பயன்பாட்டு அறிக்கை மாதிரியே வேஷம் போட்டிருக்கும். தாக்கினவங்க தங்க சர்வர்களுக்கு, பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்குள்ள இருக்கிற கணினிகளோட பெயரையே வெச்சாங்க. பெரும்பாலும் அதே நாட்டு ஐபி முகவரிகளைப் பயன்படுத்தினாங்க.

எட்டு ஒன்பது மாதம் யாருக்கும் தெரியலை. பிறகு எப்படிப் பிடிபட்டது? ஃபயர்ஐ நிறுவனத்துல ஒரு ஊழியரோட கணக்குல புதுசா ஒரு போன் பதிவாகியிருந்தது. பாதுகாப்புக் குழு அவரைக் கூப்பிட்டு, இது உங்க போனான்னு கேட்டாங்க. இல்லைன்னார். அந்த நூலைப் பிடிச்சு இழுத்ததுல, தங்களோட சொந்தக் கருவிகளே திருடுபோனது தெரிஞ்சு, கடைசியில 2020 டிசம்பர் 13ஆம் தேதி ஓரியன் விவரம் உலகத்துக்கு வந்தது. அமெரிக்க அரசோட 9 துறைகளும் சுமார் 100 நிறுவனங்களும் ஆழமா ஊடுருவப்பட்டதா 2021 பிப்ரவரியில வெள்ளை மாளிகை சொன்னது. ஏப்ரல்ல அமெரிக்கா ரஷ்ய வெளிநாட்டு உளவு அமைப்பான எஸ்விஆர் மேல பொறுப்பைச் சுமத்தியது. ரஷ்யா மறுத்தது.

இதுல ஒரு அழகான முரண் உண்டு. சன்பர்ஸ்ட் தன் டொமைனுக்குக் குறிப்பிட்ட சில ஐபி வரம்புகள்ல இருந்து பதில் வந்தா, தன்னைத்தானே நிறுத்திக்கும். ஆய்வாளர்கள் கையில சிக்காம இருக்க அப்படி எழுதியிருக்கணும். அந்த வரம்புகள்ல சில மைக்ரோசாஃப்டோடது. அந்த டொமைன் கைப்பற்றப்பட்டதும், ஃபயர்ஐ, மைக்ரோசாஃப்ட், கோடேடி மூணு பேரும் சேர்ந்து சரியா அந்தப் பதிலைக் கொடுக்க வெச்சாங்க. மால்வேர் ஒளிஞ்சுக்க வெச்சிருந்த வழியே அதை நிறுத்துற பொத்தானா மாறிடுச்சு. ஆனா ஏற்கெனவே வேற வழி போட்டு ஆழமா இறங்கியிருந்த இடங்கள்ல அது போதலை.

கடிதத்தைப் படிக்கிறதா, நடையைக் கவனிக்கிறதா

சரி, இதுக்கு எதிரா என்ன பண்றாங்க? ரெண்டு பாதை இருக்கு.

ஒண்ணு, கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறது. பல கம்பெனி லேப்டாப்புகள்ல நிறுவனமே ஒரு சான்றிதழைப் போட்டு வெச்சிருக்கும். அந்த மாதிரி இடத்துல, பிரவுசர்ல பூட்டு தெரிஞ்சாலும் நடுவுல ஆஃபீஸ் அதைத் திறந்து பார்த்துட்டுத் திரும்பப் பூட்டி அனுப்ப முடியும். அரசுகளும் இதே திசையில யோசிக்கிறாங்க. 2022 ஏப்ரல்ல இந்தியாவின் செர்ட்-இன், இணையத் தாக்குதல்களை விசாரிக்க உதவும்னு சொல்லி, பதிவுகளை 180 நாள் வைக்கணும், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வைக்கணும்னு உத்தரவு போட்டது. சில விபிஎன் நிறுவனங்கள் தங்க சர்வர்களை இந்தியாவுல இருந்தே எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, கடிதத்தைத் தொடாம நடையைக் கவனிக்கிறது. மனுஷங்க இணையத்தைக் கண்டபடி பயன்படுத்துவாங்க. பத்து டேப் திறப்பாங்க, டீ குடிக்கப் போயிடுவாங்க. மால்வேரோ சரியா இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆஜர் போடும். அந்த ஒழுங்கே அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால இப்போ மால்வேர் நேரத்தை வேணும்னே முன்னப்பின்ன கலைச்சுப் போடுது. 2017ல சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்துல மூணு பேர் ஜேஏ3ன்னு ஒரு முறையை வெளியிட்டாங்க. பூட்டுப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கணினிகள் பரிமாறிக்கிற முதல் வணக்கத்தை வெச்சே, பேசுறது எந்த மென்பொருள்னு ஊகிக்கிறது. இதையும் ஏமாத்த முடியும். ஆனா ஒவ்வொரு தடவை ஏமாத்தவும் தாக்குறவர் கொஞ்சம் கூடுதலா மெனக்கெடணும்.

எனக்கு ரெண்டாவது பாதைமேலதான் நம்பிக்கை. காரணம், இந்த வரலாறே. பிங்கின் வெற்றிடம், ட்வீட், வெள்ளைப் படம், கண்ணுக்குத் தெரியாத எழுத்துன்னு ஒவ்வொரு தடவையும் செய்தி எங்கேயும் ஒளிய முடியும்னு நிரூபிச்சுருக்கு. எல்லாக் கடிதத்தையும் பிரிச்சுப் படிச்சாலும், பிரிட்னி பதிவுக்குக் கீழ இருந்த அந்த கமென்ட்டை யாரும் பிடிச்சிருக்க முடியாது. அது எல்லார் கண்ணு முன்னாடியும் திறந்தேதான் கிடந்தது. ஆனா எல்லாரோட கடிதத்தையும் பிரிக்க ஒரு ஏற்பாட்டைக் கட்டிட்டா, அது நிச்சயமா சாதாரண மக்களோட பேச்சைப் பிடிக்கும்.

சோலார்விண்ட்ஸைப் பிடிச்சது, யாரோட மெசேஜையும் படிச்ச இயந்திரம் இல்லை. ஒரு சின்ன மாறுதலைக் கவனிச்சு, ஒரு போன் போட்டு, இது நீங்களான்னு கேட்ட ஆள்கள்தான். அதனால உங்க கணக்குல புது டிவைஸ் சேர்ந்திருக்குன்னு ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தாலோ, இது உங்க போனான்னு ஐடி டீம்ல இருந்து யாராவது கேட்டாலோ, எரிச்சல்ல ஆமான்னு சொல்லிடாதீங்க. ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க.